நூல் குத்திய கண்

அடேய் பெரியவனே,

மத்தியானத்திலிருந்து இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். போன் செய்தால் மறுபடியும் என் முகத்தைப் பார்த்து எதையாவது முடிவு செய்வாய். அதனால்தான் கடிதம்.

நேற்று வீடியோ காலில் என் கண் சிவந்து நீர் வழிந்ததைப் பார்த்ததும், "அழாதம்மா, நான் வெளிநாட்டுக்கே போகல, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். யாரடா அழுதது? போன வருஷம் கருவிழி மாற்றியபோது போட்ட தையல் ஒன்று தளர்ந்துவிட்டது. இமைக்கும்போதெல்லாம் அதன் நுனி குத்தியது, அவ்வளவுதான்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை உருவி எடுத்துவிட்டார். "பட்டு நூலா இருந்தா கண்ணு கொஞ்ச நாள்லயே சிவந்து அடம்பிடிக்கும். இது நைலான். ஒழுங்கா இறுகி இருக்கிற வரைக்கும் கண்ணு இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. தளர்ந்தாத்தான் வம்பு" என்றார். தலைமுடியைவிட மெல்லிய நூல். அதற்காகவா நீ ஆசைப்பட்டு வாங்கிய வேலையை விடுவாய்?

சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில்தான் போகிறது, போகட்டும். பரண்மேல் கிடந்த பெரிய பெட்டியை எடுத்துத் துடைத்தேன். திரும்ப மேலே வைத்தேன். மறுபடியும் இறக்கினேன். நாளை உன் தங்கை அதை உன்னிடம் கொண்டுவருவாள். இந்தக் கடிதமும் அதற்குள்தான் இருக்கும்.

சிவப்பு இரண்டு மூன்று நாளில் போய்விடுமாம். அதற்குள் விமானம் ஏறிவிடு. அப்புறமும் கண் சிவந்தால், பழியைப் போட என்னிடம் நூல் இல்லை.

அம்மா