கொடி தொங்கிய காலை

என் உயிர் மச்சான் சூசைக்கு,

இன்று கல்லறைத் திருநாள். உன் உடல் கிடைக்கவே இல்லை, சிலுவையில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மெழுகுதிரி ஏற்றிவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

நான் கடலை விட்டுவிட்டேன், தெரியுமா? பாம்பன் ரயில் பாலத்தில் வர்ணம் அடிக்கிறேன். தினமும் தூணின் வடக்கிலும் தெற்கிலும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுத் தண்ணீரை அளக்கிறேன். மேஸ்திரி என்னைக் கிறுக்கன் என்கிறார். காற்று ஓய்ந்து விழுந்த அன்று தண்ணீர் உன்னை எப்படி இழுத்தது? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான்.

இப்போது தெரிகிறது. வாடைக்காற்று வீச வீச வடகடலில் தண்ணீர் குவிகிறது, தென்கடல் தாழ்ந்து கிடக்கிறது. நடுவே இந்த இடுக்குதான் வழி, அதனால் மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் தலைகீழ். ஏற்றவற்றத்தால் கொஞ்சம் கூடும், குறையும். காற்று நின்றாலும் குவிந்தது வடிய வேண்டாமா? மறுநாளும் வடக்கு நாலு விரல் உயர்ந்தே நின்றது.

நாமோ மாதா கோயில் கொடி தொங்கினால் காற்று ஓய்ந்தது என்று வத்தைப் படகை இறக்கிவிடுவோம். கொடிக்குக் காற்றைத்தானே தெரியும்?

நீ மட்டும் அன்றைக்குத் தண்ணீரில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இழுக்குது மாப்ளே, நாளைக்குப் போறேன்" என்றாய்.

கரையில் வலையோடு உட்கார்ந்திருந்த நான் எல்லார் காதிலும் விழச் சிரித்தேன். "கொடியே படுத்துக் கிடக்கு. என்ன இப்படிப் பயந்து சாவுற?"

நீ வத்தையைத் தள்ளினாய்.

நேற்றும் கொடி தொங்கியது. மூன்று வத்தைகள் புறப்பட்டன. "இறக்காதீகலே, தண்ணி இன்னும் வடியல!" என்று கத்திக்கொண்டே ஓடி மறித்தேன். ஏசிக்கொண்டே கரையில் ஏற்றினார்கள். உன் தங்கை செபமேரி பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கண்ணன் அவசரக்காரன், அதான் போய்ட்டான்" என்று இத்தனை வருசமாக ஊரெல்லாம் சொல்லி அழுகிறவள் அவள்.

"இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"எங்கண்ணனுக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

இதோ வீட்டுக்குப் போகிறேன். உனக்குத் தெரியும் என்று சொல்வேன். நான் சொன்ன அந்த வார்த்தையையும் ஒன்று விடாமல் சொல்வேன். அதன்பிறகு அவள் என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ, உன்னை இனி அவசரக்காரன் என்று சொல்ல மாட்டாள். இது சத்தியம்.

இன்றுவரை உன் தங்கையின் புருஷன்,
உன் மாப்பிள்ளை