பூப் போட்டுப் பார்க்காதே

மஸ்கட்
ஞாயிறு

அன்பு அன்னத்தாய்க்கு,

நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் மருமகள் பக்கத்தில் இருப்பாள் என்றுதான் இதை எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

ஐம்பத்தைந்து தாண்டிய ஆண்களுக்கு, புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். பட்டாளத்தில் கையை நீட்டு என்றால் நீட்டிப் பழகியவன், இங்கேயும் நீட்டினேன். நாகர்கோவில்கார டாக்டர் தடுத்துவிட்டார்.

"செத்த பொறுங்க அண்ணாச்சி. கொஞ்சப் பேருக்கு இது உயிரைக் காப்பாத்தும். நெறைய பேருக்கு வீண் பயம், ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும். சாகுற வரைக்கும் தொந்தரவே பண்ணாத கட்டிக்கும் வைத்தியம் பண்ணப்போயி, மூத்திரம் அடங்காமப் போகலாம், தாம்பத்தியமும் போயிரலாம். எடுக்கதும் விடுததும் உங்க இஷ்டம்."

"வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் கடைசியாகப் போயிரலாம் என்று சொன்னதில் உனக்கும் பாதி உண்டே!

லீவில் ஊருக்கு வந்திருக்கும் தளவாய்புரம் ஆல்வினிடம் பருப்புப்பொடியும் ஒரு கைலியும் கொடுத்துவிடு. ஓர் ஆளுக்குச் சமைத்தால் உப்பு அளவே பிடிபட மாட்டேன் என்கிறது.

டூட்டி வண்டி வந்துவிட்டது. நீ எதற்கெடுத்தாலும் அம்மன் கோயிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வாய். இதற்கு அப்படிச் செய்யாதே. அம்மனா என்னோடு குடித்தனம் நடத்துகிறாள்? நீ சொல்.

உன்
சீனிப்பாண்டி