அழித்த எழுத்துகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்கிறீர்களா? நான் நலம்.

கிள்ளான் கிடங்கு அலுவலகத்தில் இந்த வாரம் ஒரு வேடிக்கை. அங்குள்ள கணினிகளில், தட்டும் எழுத்துகளை முதலில் ஒரு சிறிய நிரல் பகுதி வாங்கி வைத்திருக்கும். தவறை அழித்துத் திருத்தி என்டர் தட்டிய பிறகுதான் வரி உள்ளே போகும். எந்தப் பகுதியையும் மற்றதைத் தொடாமல் கழற்றவோ செருகவோ முடியும்படி அமைத்தது நான்தான். எழுத்தை வாங்கும் பகுதிக்கு முன்னால் இன்னொன்றைச் செருகி, அழிப்பதையும் சேர்த்துப் பதிவுசெய்யச் சொன்னார் மேலாளர் ஜீவன். தேநீர் ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை, பண்டமாரானிலிருந்து வரும் தட்டச்சுப் பெண் வாணியை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தினார் ஜீவன்.

"கஞ்சப் பேய்னு அடிச்சு அழிச்சிருக்க. நான்தானே லா அது?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அழிச்சிட்டேனே பாஸ், அனுப்பலையே."

"அழிச்சதைத்தான் நான் படிக்கிறேன். நாளையிலருந்து வராதே."

அவள் என்னிடம் திரும்பினாள். "என்டர் தட்டாத வரைக்கும் ஒன்னும் போகாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

"அது போன மாசம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

தங்கை சிந்து இங்கே வரும்போது ரசப்பொடி கொடுத்தனுப்புங்கள். இதுவரை மதியச் சாப்பாட்டை வாணிதான் எனக்கும் சேர்த்துக் கட்டி வந்தாள். நிறைய வேண்டாம், ஒரு ஆளுக்குத்தான்.

வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
வசுமதி