மயங்கியவனுக்கு ஒரு முடிச்சு

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூடத்து மரத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்று கவையாகப் பிரிந்து, நடுக்கவை வகுப்பறைக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். முதல் கயிற்றை எந்தக் கவையில் போடுவது என்று அண்ணாந்து பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. 20-ஆம் தேதி வேலை. இவ்வளவு பெரிய மரம் இந்த வருடம் இன்னொன்று வரப்போவதில்லை. இது எனக்குத்தான்.

நாளைக்கு மீட்புப் பயிற்சி என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். மேலே ஒருவன் மயங்கித் தொங்கினால் இன்னொருவன் ஏறிப்போய் அவனை இறக்க வேண்டுமாம். மகன் லாரி ஓட்டப் போய்விட்டதால் தொழிலை இப்போது அவள்தான் நடத்துகிறாள். முறையாகப் பயிற்சி எடுத்தவள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விழாமல் இருந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

அறுத்துட்டான். என் முடிச்சை அறுத்துட்டான்.

மார்ச் 6, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. நடந்ததை இன்று எழுதி வைக்கிறேன்.

மயங்கியவன் வேஷம் எனக்கு. குழுவில் நான்தான் கனமாம், என்னை இறக்கத் தெரிந்தால் யாரையும் இறக்கலாமாம். கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மரத்தில், இரண்டு மாடி உயரத்தில் தொங்கினேன். "மயங்கினா மயங்கினதுதான், மாமா. பேசக் கூடாது, கை காலை அசைக்கக் கூடாது" என்றாள் மருமகள். சரி என்றேன்.

பல்லி ஏறி வந்தான். குழுவில் என்னைத் தவிர மரம் ஏறுகிற ஆள் அவன்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கண்ணாடிச் சுவரில்கூட ஒட்டிக்கொண்டு நிற்பான் என்பதால் அந்தப் பெயர்.

ஏறும் கயிற்றின் மேல் ஒரு சின்னக் கயிற்றைச் சுற்றிப் போடும் முடிச்சுதான் ஆளைப் பிடித்து நிறுத்துவது. பாரம் விழுந்தால் இறுகும், மேலே கைவைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். எல்லோரும் ஒரே மாதிரித்தான் போடுகிறார்கள். என் முடிச்சில் மேல்சுற்றுக்குள் நுனியைத் திருப்பிச் செருகியிருப்பேன். நானே கண்டுபிடித்தது. அடைமழையில்கூட ஒரு விரல் அளவு நழுவியதில்லை.

பல்லி அழுத்தினான், அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான், அப்போதும் இல்லை. என் காதோரம் குனிந்து, "பெரியவரே, எதைப் பிடிச்சு இழுக்கணும்? மெதுவாச் சொல்லுங்க, அவங்களுக்குக் கேக்காது" என்றான்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. மயங்கினா மயங்கினதுதான்.

ஆனால் ஒன்று. மரத்தில் நான் சும்மா தொங்கியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எப்போதும் காலை மாற்றுவேன், சாய்வேன், எதையாவது மிதிப்பேன். சும்மா இருந்தால், இடுப்போடு தொடையையும் சுற்றிக் கட்டும் பெல்ட்டின் வார் தொடையை வெட்டுகிறது. முதலில் குறுகுறுப்பு, பிறகு எறும்பு ஊர்வது போல, பிறகு கால் என்னுடையதே இல்லை. காதுக்குள் ஓர் இரைச்சல். வேஷம் நிஜமாகிவிடுமோ என்றுகூடத் தோன்றியது. கீழே முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"அறு" என்றாள் மருமகள்.

பல்லி என்னைத் தன் கயிற்றோடு கோத்துக்கொண்டு முடிச்சைக் கத்தியால் அறுத்தான். ஒரு சாண் தொப்பென்று இறங்கினேன். தரைக்கு வந்ததும் நிற்க முடியவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"இந்த முடிச்சோட இனிமே மேல போக வேண்டாம், மாமா."

"அப்படின்னா நான் போகவே மாட்டேன்."

"சரி" என்றாள்.

சரியாம். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

கீழே நின்று கிளை பொறுக்கினேன். யாரோடும் பேசவில்லை. என்னிடம் பேசவும் யாரும் வரவில்லை.

மார்ச் 8, சனி

பல்லி வீட்டுக்கு வந்தான். வருத்தம் தெரிவிக்க வந்தானா, வேவு பார்க்க வந்தானா? அந்த முடிச்சு எப்படி இறங்குகிறது என்று கேட்டான். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நுனியைத் திருக வேண்டும் என்றேன். மேசைக்காலில் கட்டி இழுத்துப் பிடித்துக் காட்டினேன். திருகினேன். இறங்கவில்லை.

அவன் போய்விட்டான். எனக்கு மனம் ஆறவில்லை. இத்தனை வருடம் என் கை இதை எப்படிச் செய்தது?

மார்ச் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

பின்கட்டு மரத்தின் தாழ்ந்த கிளையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கினேன். வழக்கம் போல முடிச்சை இறக்கினேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. மறுபடி தொங்கி, இந்த முறை வலது கையைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் கவனித்தேன். என் இடது கை! அது தானாக மேலே போய்க் கயிற்றைப் பிடித்து உடம்பை ஓர் இம்மி தூக்குகிறது. பாரம் போகிற அந்தக் கணத்தில்தான் வலது கை நுனியைத் திருகுகிறது. இடது கை செய்வது வலது கைக்கே தெரியாது போலிருக்கிறது.

சோதித்துவிடுவோம் என்று இடது கையைப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டேன். இறங்கவில்லை. பிறகு அந்தக் கையை வெளியே எடுக்கவும் வரவில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். வந்தாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆற அமரப் பார்த்தாள், பிறகுதான் காலுக்கடியில் நாற்காலியைத் தள்ளினாள்.

ஆக, முடிச்சு பாதி, நான் பாதி. நினைவில்லாதவனிடம் அந்தப் பாதி இல்லை.

இதற்காக மருமகள் செய்தது சரி என்று ஆகிவிடாது. கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு அறுத்திருக்கலாம்.

மார்ச் 12, புதன்

செருகலை எதிர்ப்பக்கம் மாற்றினேன். ஒரு சுற்றைக் குறைத்தேன். தடித்த கயிறு போட்டேன். ஒவ்வொரு முறையும் மயங்கித் தொங்கினேன், வீட்டுக்காரி இறக்கப் பார்த்தாள். கயிற்றையே தொட்டறியாதவள், சோதனைக்கு அவளை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஒன்று இறங்க மறுக்கிறது, அல்லது ஒரேயடியாக இறங்குகிறது. இடுப்பில் நீலம் பாரித்திருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

எல்லோரும் போடுகிற முடிச்சைப் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

வீட்டுக்காரி வந்து மேல்சுற்றைக் கைப்பிடியாகப் பிடித்து அழுத்தினாள். இறங்கிவிட்டேன். கால் தரையைத் தொட்டதும், "கல்யாணம் ஆனதிலிருந்து உங்களைக் கீழே இறக்கப் பாக்கறேன். இன்னைக்குத்தான் நடந்திருக்கு" என்றாள்.

சிரிக்கக் கூடாது என்று இருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆனால் மழையில்? அந்த முடிச்சின் மேல் எனக்குள்ள புகாரே அதுதான். கயிறு முழுவதையும் வாளியில் ஊறவைத்துக் கட்டினேன். நான் தொங்க, அவள் நாற்காலியில் ஏறி என் தலைவழியாகவே தண்ணீரை ஊற்றினாள். அவ்வளவு உற்சாகமாக ஊற்றியிருக்க வேண்டியதில்லை. முடிச்சு ஒரு சாண் நழுவியது, பிடித்துக்கொண்டது. திரும்ப ஊற்றச் சொன்னேன். திரும்பவும் ஒரு சாண்தான்.

என்னுடையது நழுவாது. என்னுடையதுதான் நல்ல முடிச்சு. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு சாண் நழுவினால் ஆள் சாவதில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

மருமகளிடம் போய், 20-ஆம் தேதி ஊரே போடுகிற முடிச்சில் ஏறுகிறேன் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லக் கூடாது என்ற முடிவோடு போயிருந்தேன், அது வீணாயிற்று. "நடுக்கவையை நீங்க பாருங்க, மாமா. பல்லி பக்கக் கவையில இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூடம் விடுமுறை. விடிந்ததும் போய்விட்டோம். நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் முடிச்சுப் போட்டு, தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கி, கைகளைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பல்லிக்குப் புரியவில்லை. "என்ன பெரியவரே, உடம்புக்கு ஏதாவது?"

மயங்கினா மயங்கினதுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து இறக்கினான். அவசரத்தில் தன் கயிற்றோடு என்னைக் கோக்க மறந்துவிட்டான். கண்ணைத் திறந்து, மறுபடி என்றேன். கோத்து இறக்கினான். இந்த முறை என் தலை மரத்தில் இடித்தது. ஹெல்மெட் இருந்தது, அது வேறு விஷயம். மறுபடி என்றேன். கிளை பொறுக்கும் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வெயில் கூரைக்கு வந்துவிட்டது.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மாமா, ஆரம்பிக்கலாமா?"

"இன்னும் ஒரு தடவை" என்றேன்.

என்னிடம் யாரும் வாதாட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ணை மூடித் தொங்கினேன்.