சட்டைப் பையில் தாலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேச வரவில்லை. எழுதித் தருகிறேன், உன் தம்பி படமெடுத்து அனுப்புவான்.

அம்மாவின் கால் புண்ணுக்குத் திருச்சியில் ஆக்சிஜன் கண்ணாடிக் கூண்டுக்குள் படுக்கவைத்தார்கள். மருந்து ஏற்றும் பம்ப்பை உள்ளே விடவில்லை. அங்கே ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்குமாம். பம்ப் வெளியே நின்றது. கதவு வழியாக ட்யூப் மட்டும் போனது. உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால், ரத்தம் திரும்பி வராமலிருக்க ஒருவழி வால்வு வைத்திருப்பதாக நர்ஸ் சொன்னார். நான் பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகை எதுவும் கூடாது என்றார்கள். தாலியை நானே கழற்றினேன்.

"நீங்க உசுரோட இருக்கறப்பவே கழட்டுறீங்களே" என்று அம்மா சிரித்தாள்.

வெளியே வந்ததும் கட்டிவிடுகிறேன் என்றேன்.

இன்று காலை அந்தப் பம்ப்பைத் துடைத்துப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் செந்துறை வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் பந்தல் போடுகிறார்கள். அம்மா மறுபடியும் கண்ணாடிக்குள்தான் படுத்திருக்கிறாள். இந்த ஐஸ் பெட்டிக்கு ட்யூப் இல்லை.

"தாலி எங்கண்ணே? எடுத்துக் கட்டு" என்று உன் அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சட்டைப் பையில்தான் இருக்கிறது. முடிச்சுப் போடக் கை வரவில்லை. நீ வந்துவிடு.

அப்பா