அடுப்புக்காரருக்கு நான் சொன்ன வாழ்த்து

அன்பு மகன் நிஸாருக்கு, மொராக்கோவின் மெக்னஸிலிருந்து உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை ரீமாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் அந்தப் பனி ஊரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன மாதம் போனில் நான் அழுததை மறந்துவிடு. இந்தத் தெருவில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை, உன்னிடமே வந்துவிடுகிறேன் என்றேன் அல்லவா, அதெல்லாம் ரொட்டியால் வந்தது. ரீமா வேலைக்குப் போனதும் மாவைப் பிசைந்து தெருமுனைப் பொது அடுப்புக்குக் கொண்டுபோவேன். அடுப்புக்காரர் லர்பி முதலில் நன்றாகத்தான் பேசினார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார், என் தட்டைக் கடைசியில் தள்ளினார், ரொட்டியும் கருகி வந்தது. சிரியாக்காரி என்று இளக்காரம் போலிருக்கிறது என்று குமைந்தேன். ஆனாலும் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் ஹோம்ஸில் நாம் சொல்வோமே, 'அல்லாஹ் உங்களுக்கு ஆஃபியா கொடுக்கட்டும்' என்று, அதை மட்டும் விடவில்லை. அவர் முறைக்க முறைக்க இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் நேரே கேட்டுவிட்டேன். மனிதர் வெடித்துவிட்டார். "நான் உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்? போன வருஷம்தான் என் விறகுக் கொட்டகை எரிஞ்சு போச்சு. நீங்க தினமும் வந்து நெருப்பு புடிக்கட்டும்னு வாழ்த்துறீங்க!" என்றார். இந்த ஊரில் ஆஃபியா என்றால் நெருப்பாம், நிஸார்! எங்கள் ஊரில் அது உடம்புக்குச் சுகம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் மனைவி, இத்தோ என்று பெயர், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். "சிரியா சீரியல் பாக்குற எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! இவருக்கு அடுப்பை விட்டா என்ன தெரியும்?" என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

நேற்று நான் தட்டோடு போனபோது லர்பி அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, "உம்மு நிஸார், உங்க ஊர் ஆஃபியா உங்களுக்குக் கிடைக்கட்டும்!" என்று உன் பெயரைச் சேர்த்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஹோம்ஸை விட்டு வந்த பிறகு வெளியாள் ஒருவர் அதை எனக்குச் சொல்லிக் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இது வேறு அழுகை, நீ பதறாதே. நீ ஏற்பாடு செய்த பயணத்தை நிறுத்திவிடு, நான் இங்கேயே இருக்கிறேன்.

கம்பளிக் காலுறையை மறக்காதே. லீவுக்கு வரும்போது லர்பியின் அடுப்படியில் வாயைத் திறக்காதே. அல்லாஹ் உனக்கு ஆஃபியா கொடுக்கட்டும், நம் ஊர் ஆஃபியா.

உன் உம்மா,
விதாத்