ஆறாவது பிளேட்டு

திருவனந்தபுரம்
கொல்லம் 1121 தை 4

என் அருமை மகன் அழகியநம்பிக்கு உன் அம்மா உலகம்மை ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி பகவதியும் உன் மகள் விஜயமும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். யுத்தம் முடிந்து மலேயாவில் ஜொகூருக்குத் தபால் போகிறது என்று கேட்ட நாளிலிருந்து இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டும் நீ வேலை பார்க்கிற ரப்பர் தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் போய், மேலே சிவப்புப் பென்சிலால் என்னவோ எழுதித் திரும்பி வந்துவிட்டன. உன் கூட்டாளி, சர்க்கார் ஹஜூர் கச்சேரி குமாஸ்தா ஸ்ரீகண்டன், அதை வாசித்துவிட்டு அட்ரஸில் என்னமோ தெற்று இருக்கு அம்மே என்றான். அட்ரஸில் தப்பு ஒன்றும் இல்லை, அது அவனுக்கும் தெரியும். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள்தான் நான், ஆனாலும் உன் அட்ரஸை மட்டும் இங்கிலீஷில் எழுதுவேன், கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் பழகியது, ஒரு சுழி பிசகாது. முந்தின இரண்டும் உன் கைக்கு வரவில்லை என்பதால் எல்லாவற்றையும் முதலில் இருந்தே சொல்லுகிறேன், பொறுமையாக வாசி.

உன் கிராமபோன் பெட்டி நன்றாக இருக்கிறது. உன் கூட்டாளிகள் கூடி அந்த அமெரிக்கா ஜாஸ் பாட்டுக் கேட்கிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நீ போன பிறகு ஒரு வாரம்கூட நின்றதில்லை. நீ போட்டுக்கொடுத்த சட்டம் அப்படியேதான் நடக்கிறது, வாரத்துக்கு ஒருவர் பிளேட்டு எடுக்க வேண்டும், எடுத்தவர் அது எந்த ஊரில் யார் வாசித்தது என்று முதலில் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் ஓடி முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அடுத்த வாரம் முழுக்க அவர்தான் சாவி கொடுக்க வேண்டும். பாதி வாரம் சாவி கொடுப்பது ஸ்ரீவராகத்துப் பட்டாபிதான், அவனுக்கு வாய் நிற்காதே. மூன்றாம் பிளேட்டின் பின்பக்கத்தில் நடுவிலே வருகிறதே, அது ஒரு குழலா இரண்டு குழலா என்கிற தர்க்கம் இன்னும் தீரவில்லை. ஒன்றுதான் என்று ஸ்ரீகண்டன், இரண்டு என்று பட்டாபி. நாயர் பட்டாளத்துப் பாண்டு கேட்டுக் கெட்டுப்போன காது ஓய் உம்ம காது என்று பட்டாபி சொல்ல, எடோ பட்டரே நினக்கு ஒண்ணும் அறிஞ்ஞூடா, தயிர்சாதம் தின்ன மயக்கத்திலே எல்லாம் இரண்டாத்தான் தோணும் என்று ஸ்ரீகண்டன் சொல்ல, தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நின்று பார்க்கிறார்கள். பட்டாபி நம் வீட்டில் காப்பி குடிப்பது இன்னும் அவன் அம்மாவுக்குத் தெரியாது, நீயும் யாருக்கும் எழுதிவிடாதே.

சத்தியநேசன் கொச்சியில் பட்டாளத்து ஸ்டோரில் வேலைக்குப் போய்விட்டதால் லீவுக்கு வரும்போது மட்டும்தான் கூட்டத்துக்கு வருகிறான். உன் அப்பா இருந்தவரைக்கும் வாசல்படியில் நின்றுகொண்டே கேட்டவன், இப்போது உள்ளே பாயில் உட்காருகிறான். அவன் வேதக்கோயில் பாண்டில் கிளாரினெட் ஊதுகிறவன் அல்லவா, அவன் வந்தால்தான் தர்க்கத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கும். ஆள் குறைந்துபோயிற்று என்று உன் இடத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் எனக்கு அது பாத்திரக்கடையில் பூனை புகுந்த மாதிரிதான் கேட்டது. இப்போது அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு பாதையில் போகிறார்கள், ஒருவன் அழுகிறான் ஒருவன் கேலி பண்ணுகிறான், ஆனாலும் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்களே, ஒருத்தனுக்குக்கூட வழி தப்பவில்லையே என்று ஒருநாள் சொன்னேன். ஸ்ரீகண்டன் அதைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உன் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆறு வயசுதான், பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதுகிறாள், ஆனால் முள் வைத்த உடனே இது நாலாவது பிளேட்டு, இப்பம் பெரிய குழல் வரும் பாரு ஆச்சி என்று சொல்லிவிட்டு அது வருவதற்கு முன்னாலேயே வாயால் ஊதிக் காட்டுகிறாள். இந்தச் சாலைத் தெருவில் அந்த மாதிரி ஒரு பிள்ளை கிடையாது, நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பட்டாபியே சொன்னான்.

முள் என்றது நிஜ முள். யுத்தத்தில் இரும்பு ஊசி வருவது நின்றுபோனதும் சத்தியநேசன்தான் மரத்து முள்ளிலும் பாடும் என்று சொன்னான். கொல்லையில் இருக்கிற நாரத்தையில் முற்றின முள்ளாகப் பறித்து மணலில் வறுத்து அரிவாள்மணையில் நுனி சீவி வைக்கிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு முள். சத்தம் கொஞ்சம் தாழ்ந்துதான் கேட்கும், ஆனால் பிளேட்டு தேயாது. நீ வரும்போது தேய்ந்து போயிருக்கக் கூடாது என்றுதான் அந்தப் பாடு பட்டேன். ஒரு தப்பும் பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆடி மழையில் பிளேட்டு எல்லாம் பூசணம் பிடித்துவிட்டது, வெயில் கண்ட அன்று அப்பளத்தோடு அதையும் பாயில் பரத்திக் காயப் போட்டுவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் இரண்டாம் பிளேட்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. பட்டாபி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து ஒருவழியாய் நேராக்கினோம், இப்போதும் முள் விழிஞ்ஞத்துத் தோணி மாதிரி ஏறி இறங்கித்தான் போகிறது, ஆனால் பாடுகிறது.

இனி ஆறாவது பிளேட்டு சமாசாரம். கொழும்பில் வேலை பார்த்தபோது நீ வாங்கி வந்த அந்தத் தவிட்டு நிறப் புஸ்தகத்தில் ஆறு உறை, அஞ்சு பிளேட்டு, ஆறாவது கப்பலிலேயே உடைந்துபோயிற்று. 1117 ஐப்பசியில் வந்த உன் கடைசிக் கடிதத்தில், சிங்கப்பூரில் அந்த ஆறாவது பிளேட்டு கிடைத்துவிட்டது, தபாலில் அனுப்பினால் பழையபடி உடையும், நான் வரும்போது கையோடு கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. இந்தப் பிள்ளை தினம் தினம் அப்பா எப்பம் வரும் ஆச்சி என்று கேட்கும், என்ன சொல்ல, ஆறாவது பிளேட்டு வருகிற அன்றைக்கு அப்பா வரும் மக்கா என்று சொல்லிவைத்தேன். ஒரு நாள் இல்லை, நாலு வருஷம் அதையே சொன்னேன். புஸ்தகத்தை விரித்து அந்த வெறும் உறையைக் காட்டி, நடுவில் ஒட்டின பச்சைச் சீட்டில் பொன் நிறத்தில் கப்பல் போட்டிருக்கும், மற்ற அஞ்சு மாதிரியே இருக்கும் என்று அடையாளமும் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளையைச் சமாதானம் பண்ணச் சொன்ன வார்த்தை வீடு முழுக்கப் பரவியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

கார்த்திகையில், உன்னோடு தோட்டத்தில் இருந்த கோட்டாறு பிச்சையா மலேயாவிலிருந்து திரும்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பகவதியிடம் சுசீந்திரம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனேன். எலும்பும் தோலுமாக இருக்கிறான். தோட்டத்தில் குமாஸ்தா என்றும் இல்லை கூலி என்றும் இல்லை, எல்லோரையும் சயாம் காட்டுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போனானாம். உன் பெட்டியில் தட்டையாக ஒரு சாமானைத் துணியில் சுற்றி வைத்திருந்தாயாம், என்ன என்று கேட்டால் இது வீட்டுக்கு என்று மட்டும் சொல்லுவாயாம், அப்புறம் பெட்டியையே பிடுங்கிக்கொண்டார்களாம். உன்னைக் காய்ச்சலோடு ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு இவர்களை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனார்களாம். ஆறு மாசம் கழித்து அந்தப் பக்கம் வந்தேன் பெரியம்மை, அங்கே கொட்டகையே இல்லை, காடுதான் கிடந்தது என்றான். இதைப் பகவதியிடம் நான் சொல்லவில்லை. நீ உயிரோடு இருந்தால் நான் இதை எழுதியதற்குக் கோபித்துக்கொள்.

போன மாதம், கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சத்தியநேசன் லீவில் வந்தவன் கோயில் முடிந்ததும் நேரே இங்கே வந்தான். கொச்சியில் ஊருக்குப் போகிற அமெரிக்காச் சிப்பாய் ஒருவனிடம் நம்முடைய ஆறாவது பிளேட்டைக் கண்டுபிடித்து வாங்கியிருக்கிறான், வெறும் உறையை நிறைத்துப்போட்டால் அம்மா சந்தோஷப்படும் என்று நினைத்திருக்கிறான், பாவம். விஜயத்திடம் நான் சொல்லிவைத்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவள் கையில் கொடுத்து ஆச்சிகிட்ட கொண்டுபோய்க் குடு என்றானாம். காகிதம் கிழிந்த இடத்தில் பச்சைச் சீட்டும் கப்பலும் தெரிந்திருக்கிறது. பிள்ளை அதைப் பத்திரமாகப் படியில் வைத்துவிட்டு, அப்பா வந்தாச்சு, ஆறாவது பிளேட்டு வந்தாச்சு என்று தெருக்கோடி வரை ஓடியிருக்கிறாள்.

நம்பி, ஒரு தெருவே வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆசாரி பெண்சாதி மஞ்சள் தண்ணீர் கலக்கி ஆரத்தித் தட்டோடு வந்து நிற்கிறாள். பகவதி ஆட்டுரலில் இருந்தவள் முழங்கை வரை மாவோடு பாதி தூரம் ஓடி வந்தாள், சட்டென்று நின்றாள், திரும்ப உள்ளே போனாள். கை கழுவி முகம் கழுவிச் சேலை மாற்றித் தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டுதான் வந்தாள். வந்து பார்த்தால் சத்தியநேசன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறான். ஆரத்தித் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் ஆசாரி பெண்சாதி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நம் வேலியோரத்துத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டுப் போனாள்.

கூட்டம் வேண்டாம் என்று சொல்லியனுப்ப நினைத்தேன், பகவதிதான் வரட்டும் அத்தை என்றாள். நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். நம் வீட்டு ஆண்கள் கூட்டத்தில் அவள் ஒருநாளும் வந்து உட்கார்ந்தவள் இல்லை, அன்று விஜயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்தான் முள் வைத்தேன். இரண்டு பக்கமும் ஓடியது. பெரிய குழல்காரன் தனியாக வாசிக்கிற இடம் வந்தபோது பிள்ளை வாயால் ஊதவில்லை. முடிந்த பிறகு அது ஒரு குழலா இரண்டு குழலா என்று எவனும் கேட்கவில்லை. நீ இந்தக் கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் தர்க்கம் பண்ணாமல் எழுந்துபோன ஞாயிற்றுக்கிழமை அது ஒன்றுதான். படி இறங்கும்போது சத்தியநேசன், அம்மா நான் இதைத் திருப்பிக் கொண்டுபோயிடட்டா என்று கேட்டான். அதற்கும் பகவதிதான் பதில் சொன்னாள், வேண்டாம் அண்ணாச்சி என்று.

அவர்கள் போன பிறகு அவள் புஸ்தகத்தை எடுத்து, ஆறாவது உறையில் அந்தப் பிளேட்டைத் தன் கையாலேயே நுழைத்து மூடி வைத்தாள். அது நம்பி கொண்டுவந்து நிறைக்க வேண்டிய இடம் அல்லவா பகவதி என்று கேட்டேன். பிச்சையா அண்ணன் வீட்டு அக்கா எனக்குக் கார்த்திகையிலேயே எல்லாம் எழுதியிருந்தா அத்தை, நீங்க கோட்டாறு போனதும் தெரியும் என்றாள். பின்னே ஏன் அம்மா பூ வைத்தாய் என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. தெரிஞ்சுதான் வச்சேன் அத்தை என்று சொல்லிவிட்டு மாவு புளித்துப் போகும் என்று எழுந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பூ வைக்கவில்லை. பிள்ளையும் அப்பா எப்பம் வரும் என்று என்னிடம் கேட்பது இல்லை. ஆறு வயசில் அதற்கு என்ன புரிந்ததோ, அது கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பிளேட்டை உறையிலிருந்து உருவிவிட வேண்டும் என்று மூன்று தடவை புஸ்தகத்தைத் திறந்துவிட்டேன், அவள் வைத்ததை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உறை நிறைந்துவிட்டது, கொண்டுவருகிறேன் என்று சொன்னது கையில் இல்லையே, எந்த முகத்தோடு போவது என்று நீ எங்கேயாவது நின்றுகொண்டிருக்காதே. பெட்டி போனால் போகட்டும். பிளேட்டு வந்துவிட்டது மக்கா, நீ வெறுங்கையோடு வா.

காய்ச்சல் உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதே, கொதிக்க வைத்துக் குடி. பிச்சையா சொன்னதை நான் நம்பியும் நம்பாமலும் இருக்கிறேன், ராத்திரி நம்புகிறேன், விடிந்தால் முள் சீவ உட்கார்ந்துவிடுகிறேன். பத்மநாபசுவாமியும் சுசீந்திரத்துத் தாணுமாலயனும் எந்தக் காட்டிலும் உனக்குத் துணையாக இருக்கட்டும். பதில் எழுத முடிந்தால் என் பேருக்கு எழுது, பகவதி பேருக்கு வேண்டாம். இந்தக் கடிதமும் திரும்பி வந்தால் அவள் கண்ணில் படாமல் நானே வாங்கி வைத்துக்கொள்வேன், தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
உலகம்மை